கொரோனாவும் இதயமும்: ரத்தத்தில் மிதக்கும் நுண் ஆர்.என்.ஏ. சொல்லும் சேதி



"நேத்து வரைக்கும் நல்லா இருந்த பிள்ளை. சுப்ஹு தொழுதுட்டு வந்து படுத்தவன் எழுந்திரிக்கவே இல்லை." கடந்த சில ஆண்டுகளாக ஜனாஸா வீடுகளில் இப்படிப்பட்ட பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் என்று எந்த ஊரானாலும் பேச்சு ஒன்றுதான். அதற்கு அடுத்த வாக்கியமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "எல்லாம் அந்த ஊசியாலதான்."

மவ்த்தின் நேரம் அல்லாஹ் விதித்தது. அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒரு நோய் உடலில் எந்த வழியாக நுழைந்து எதைக் கெடுக்கிறது என்று அறிந்துகொள்வது விதியை மறுப்பதாகாது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியும் அதில் அடங்கும்.

இக்கட்டுரையை எழுதுபவன் மருத்துவன் அல்லன். மதரஸாவில் ஓதி, கல்லூரியில் கலைப் பாடம் படித்தவன். மருத்துவ இதழ்களில் வெளியான ஆய்வுகளை நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் புரியும் தமிழில் எடுத்துச் சொல்வதே நோக்கம். சொல்லப்போகும் விஷயம் மிகச் சிறியது. கண்ணுக்கு மட்டுமல்ல, சாதாரண நுண்ணோக்கிக்கும் அகப்படாதது. அதன் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ. தமிழில் நுண் ஆர்.என்.ஏ. என்று சொல்லலாம்.

கொரோனா இதயத்தை என்ன செய்தது?

கொரோனா என்றால் நுரையீரல் நோய் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். மூச்சுத் திணறல், ஆக்சிஜன் சிலிண்டர், வென்டிலேட்டர் ஆகியவையே நம் நினைவில் நிற்கின்றன. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களுக்குப் பரிசோதனை செய்தபோது கடலூர் மாவட்டத்தில் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அண்ணாமலை நகரில் உள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொரோனா நோயாளிகள் சிகிச்சை பெற்றார்கள். 2021 ஜனவரியில் அரசு அந்தக் கல்லூரியை மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் கொண்டு வந்து, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆக்கியது. இந்த வட்டாரத்தில் ஏராளமான குடும்பங்களுக்கு அந்த வளாகத்தோடு ஒரு கொரோனா நினைவு உண்டு.

நாம் ஆக்சிஜன் அளவையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் சீனாவின் வூஹான் நகர மருத்துவர்கள் வேறொன்றையும் கவனித்தார்கள். அங்குள்ள ஒரு மருத்துவமனையில் கொரோனாவால் சேர்க்கப்பட்ட 416 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில், 82 பேருக்கு இதயத் தசை சேதமடைந்ததற்கான அடையாளம் இருந்தது. ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 82 பேரில் 42 பேர் இறந்துபோனார்கள். இதயம் சேதமடையாத 334 பேரில் இறந்தவர்கள் 15 பேர். 2020 மார்ச் மாதம் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகுதான் கொரோனா வார்டுகளில் இதயத்தையும் கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை உலகெங்கும் பரவியது. இதயச் சேதம் ஏற்பட்டவர்களில் வயதானவர்களும், ஏற்கெனவே ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும் அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தக் கிருமி இதயத்தை நான்கு வழிகளில் தாக்குகிறது.

முதலாவது, நேரடித் தாக்குதல். நம் உயிரணுக்களின் மேல் ஏ.சி.இ.-2 என்ற ஒரு புரதம் உண்டு. கொரோனா கிருமிக்கு அதுதான் கதவு. அந்தக் கதவு நுரையீரலில் மட்டுமல்ல, இதயத்திலும் இருக்கிறது.

இரண்டாவது, நம் உடலின் சொந்தக் கோபம். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்புப் படை அளவு மீறிப்போய் உடலையே அடிக்கத் தொடங்குகிறது. சைட்டோகைன் புயல் என்று மருத்துவர்கள் சொன்னது இதைத்தான்.

மூன்றாவது, ரத்தக் குழாய்களின் உள்சுவர் புண்ணாகி, குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்து கட்டிகள் உருவாவது.

நான்காவது, நுரையீரல் கெட்டதால் வரும் ஆக்சிஜன் தட்டுப்பாடு. ஆக்சிஜன் குறையக் குறைய இதயம் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது.

இதன் விளைவுகள் பலவிதம். சிலருக்கு இதயத் தசை வீங்குகிறது. சிலருக்குத் துடிப்பின் தாளம் தவறுகிறது. சிலருக்கு மாரடைப்பு வருகிறது. சிலருக்கு மாதங்கள் கழித்து இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்துபோகிறது.

நுண் ஆர்.என்.ஏ. என்றால் என்ன?

நம் ஊர் நிக்காஹ் விருந்தை எண்ணிப் பாருங்கள். தலைமைப் பண்டாரியிடம் ஒரு பெரிய நோட்டு இருக்கிறது. பிரியாணி, தால்ச்சா, இனிப்பு எல்லாவற்றின் அளவும் அதில் எழுதியிருக்கிறது. அந்த நோட்டை அவர் அறையை விட்டு வெளியே கொண்டுவர மாட்டார். தேவைப்படுவதை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அடுப்படிக்கு அனுப்புகிறார். சீட்டைப் பார்த்து ஆட்கள் சமைக்கிறார்கள். இப்போது அடுப்படி வாசலில் ஒரு மேற்பார்வையாளர் நிற்கிறார். "தால்ச்சா போதும், இந்தச் சீட்டு வேண்டாம்" என்று சில சீட்டுகளைப் பிடித்துக் கிழித்துவிடுவதுதான் அவர் வேலை. அவர் இல்லாவிட்டால் ஒன்று மீந்து வீணாகும், இன்னொன்று போதாமல் போகும். எந்தச் சஹனில் என்ன விழுகிறது என்பது நோட்டில் எழுதியிருப்பதை மட்டும் பொறுத்ததல்ல, இந்த மேற்பார்வையாளரையும் பொறுத்தது.

உயிரணுவுக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். அந்தப் பெரிய நோட்டு டி.என்.ஏ. அது உயிரணுவின் கருவை விட்டு வெளியே வராது. அதிலிருந்து எழுதி அனுப்பப்படும் சீட்டு தூது ஆர்.என்.ஏ. அந்தச் சீட்டைப் பார்த்துச் சமைக்கப்படுவது புரதம். வாசலில் நின்று சீட்டைக் கிழிப்பவர் நுண் ஆர்.என்.ஏ.

இதன் நீளம் சுமார் 22 எழுத்துகள்தான். கொரோனா கிருமியின் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்டது என்பதை நினைத்தால் இது எவ்வளவு சிறியது என்று புரியும். ஆனாலும் ஒரே நுண் ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான சீட்டுகளைக் கட்டுப்படுத்த முடியும். ஒரே சீட்டைப் பல நுண் ஆர்.என்.ஏ.க்கள் சேர்ந்தும் கட்டுப்படுத்தும். மனித உடலில் இவற்றை உருவாக்கும் மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல் உண்டு.

முதன்முதலில் இதைக் கண்டுபிடித்தது மனித உடலில் அல்ல, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவில். 1993ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர்கள் விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகியோர் இதைத் தத்தமது ஆய்வில் வெளியிட்டபோது, அது அந்தப் புழுவுக்கு மட்டும் உரிய விநோதம் என்றே பலரும் ஒதுக்கினார்கள். 2000ஆம் ஆண்டு ரவ்குன் குழுவினர் இரண்டாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது மனிதர் உட்பட விலங்கினம் முழுவதும் பரவியிருப்பது தெரிந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் கிடைத்தது. சின்னஞ்சிறு புழுவின் உடலில் வைக்கப்பட்டிருந்த ஓர் ஏற்பாடு நம் இதயத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது. சுப்ஹானல்லாஹ்!

இதயத்துக்கென்றே சில

உடலின் ஒவ்வொரு உறுப்பிலும் ஒரே மாதிரியான நுண் ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதில்லை. விஞ்ஞானிகள் இவற்றுக்கு எண் கொடுத்து அழைக்கிறார்கள். மிர்-1, மிர்-133 ஆகியவை தசைகளில் மிகுதி. மிர்-208ஏ இதயத் தசைக்கே உரியது. இதயம் சுருங்கி விரிய உதவும் மயோசின் என்ற புரதத்தின் மரபணு ஒன்றுக்குள்ளேயே இது பொதிந்திருக்கிறது. மிர்-499 என்பதும் இதயத் தசையில் மிகுதியாக இருப்பது. மிர்-21 இதயத்தில் தழும்பு உண்டாவதோடு தொடர்புடையது. மிர்-155 அழற்சியைத் தூண்டும் வகை. மிர்-126 ரத்தக் குழாயின் உள்சுவரைக் காப்பது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் உண்டு. நலமாக இருப்பவரின் ரத்தத்தில் மிர்-208ஏ கிட்டத்தட்டக் காணவே கிடைக்காது. அது இதயத் தசையின் உயிரணுக்களுக்கு உள்ளே இருக்க வேண்டியது. அடுப்படியை விட்டு நகராத மேற்பார்வையாளர் தெருவில் நிற்கக் கண்டால் நாம் என்ன நினைப்போம்? அடுப்படியின் சுவர் இடிந்திருக்கிறது என்றுதானே? அதுபோலத்தான், மிர்-208ஏ ரத்தத்தில் மிதந்தால் இதயத் தசையின் உயிரணுக்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள்.

ரத்தத்தில் ஆர்.என்.ஏ. பொதுவாக நீடிக்காது, விரைவில் சிதைந்துவிடும். ஆனால் இந்த நுண் ஆர்.என்.ஏ.க்கள் சில புரதங்களோடு ஒட்டிக்கொண்டோ, மெல்லிய கொழுப்புப் பைகளுக்குள் அடைபட்டோ பயணம் செய்வதால் சிதையாமல் தப்பிக்கின்றன. ஆகவேதான் ஒரு குழாய் ரத்தத்தை எடுத்து அவற்றை அளக்க முடிகிறது.

ஜெர்மனியில் நடந்த ஆய்வு

ஜெர்மனியின் ஹனோவர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், வென்டிலேட்டரில் இருந்த 18 கொரோனா நோயாளிகளின் ரத்தத்தில் இந்த நுண் ஆர்.என்.ஏ.க்களை அளந்தார்கள். 2021இல் அந்த முடிவு வெளியானது. நலமானவர்களோடு ஒப்பிட்டபோது மிர்-21, மிர்-155, மிர்-208ஏ, மிர்-499 ஆகிய நான்கும் கொரோனா நோயாளிகளிடம் உயர்ந்திருந்தன.

"வென்டிலேட்டரில் கிடக்கும் எந்த நோயாளிக்கும் இப்படித்தானே இருக்கும்?" என்ற கேள்வி நியாயமானது. அதற்காகவே, கடுமையான இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சலால் அதே நிலையில் இருந்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். அவர்களைவிடவும் கொரோனா நோயாளிகளிடம் அழற்சியைக் காட்டும் மிர்-155, இதயத்துக்குரிய மிர்-208ஏ, மிர்-499 ஆகியவை அதிகமாக இருந்தன. அதாவது, எந்த நுரையீரல் நோய்க்கும் வரும் பொதுவான பாதிப்புக்கு மேலாக, கொரோனா இதயத்தைத் தனியாகவும் தொட்டிருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

18 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பொருந்தும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் திசை தெரிகிறது.

கடிவாளம் தளர்ந்தால்

நுண் ஆர்.என்.ஏ. சேதத்தின் அடையாளம் மட்டுமல்ல, சில இடங்களில் அதற்குச் சேதத்திலேயே பங்கு உண்டு. மிர்-146ஏ என்று ஒன்று இருக்கிறது. நோய் எதிர்ப்புப் படை கிளம்பும்போது அதைக் கட்டுக்குள் வைக்கும் கடிவாளம் அது. அது போதிய அளவு இல்லாவிட்டால் அழற்சி அடங்காது.

2021 மே மாதம் நினைவிருக்கிறதா? சென்னை கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் மருந்துக்கு மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். அதே நாட்களில் "டோசி" என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட டோசிலிசுமாப் ஊசிக்கும் கடும் தட்டுப்பாடு. அந்த ஊசி சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை. ஏன் என்று வீட்டாருக்குத் தெரியாது. இத்தாலிய ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஆராய்ந்தபோது, அந்த மருந்துக்குப் பலன் காட்டாத நோயாளிகளிடம் மிர்-146ஏ அளவு குறைவாக இருந்ததைக் கண்டார்கள். வயது ஏறினாலும் சர்க்கரை நோய் நீடித்தாலும் உடலில் ஏற்கெனவே மெல்லிய அழற்சி ஒன்று கனன்றுகொண்டே இருக்கிறது. கொரோனா ஏன் அப்படிப்பட்டவர்களை அதிகம் வாட்டியது என்பதைப் புரிந்துகொள்ள இது ஓரளவு உதவுகிறது.

ரத்தக் குழாயிலும் இதே கதைதான். குழாயின் உள்சுவரில் வெள்ளை அணுக்கள் தேவையில்லாமல் ஒட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்வது மிர்-126 செய்யும் வேலைகளில் ஒன்று. உள்சுவர் புண்ணாகி இந்தக் காவல் குலைந்தால் ஒட்டல் தொடங்குகிறது, வீக்கம் வருகிறது, ரத்தம் உறைய வழி பிறக்கிறது. கிருமி நுழையும் அந்த ஏ.சி.இ.-2 கதவின் அளவையே மிர்-200சி என்ற இன்னொன்று குறைக்கிறது என்று, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட இதய உயிரணுக்களில் காட்டியிருக்கிறார்கள். கொரோனா கிருமியின் ஆர்.என்.ஏ. நம்முடைய நுண் ஆர்.என்.ஏ.க்களைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளக்கூடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கருத்தின் பெரும்பகுதி கணினிக் கணிப்பில் கிடைத்தது. உயிருள்ள மனித உடலில் நிரூபிக்கப்பட்டதோடு அதைச் சேர்த்துவிடக் கூடாது.

இதற்கு லேபில் டெஸ்ட் இருக்கிறதா?

இதைப் படித்ததும் சிலருக்குத் தோன்றும்: "அப்படியானால் நம் பிள்ளைக்கு இந்த டெஸ்ட்டை எடுத்துப் பார்த்துவிடலாமே?" வேண்டாம். இன்றைய நிலையில் இது ஆராய்ச்சிக்கூடத்தின் கருவி. சிகிச்சையை முடிவு செய்யும் பரிசோதனையாக எந்த மருத்துவ வழிகாட்டு நெறியிலும் இது சேரவில்லை.

காரணங்கள் உண்டு. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் கணக்கு மாறும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்து, இதை அளக்கும் முறையையே குழப்பிவிடும். ஓர் ஆய்வகத்தின் அளவு இன்னோர் ஆய்வகத்தோடு ஒத்துப்போவதில்லை. ஆகவே "மைக்ரோ ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் மாரடைப்பு வருமா வராதா என்று சொல்லிவிடுவோம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மருந்தும் அப்படித்தான். இதயத்தைக் கெடுக்கும் நுண் ஆர்.என்.ஏ.வை அடக்கும் ஊசிகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்து வருகிறார்கள். இதய நோய்க்கென்று ஒப்புதல் பெற்ற நுண் ஆர்.என்.ஏ. மருந்து இன்னும் இல்லை. ஆனால் இது வெறும் கனவல்ல. கெட்ட கொழுப்பைக் குறைக்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் இன்க்ளிசிரான் என்ற ஊசி, நுண் ஆர்.என்.ஏ.வின் உறவுமுறையான இன்னொரு சிறு ஆர்.என்.ஏ.வைக் கொண்டு, அதே சீட்டுக் கிழிக்கும் வழியில்தான் வேலை செய்கிறது. அது பல நாடுகளில் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

இன்று நமக்குக் கைகொடுப்பவை ஏற்கெனவே இருக்கும் பரிசோதனைகள்தான்: இ.சி.ஜி., எக்கோ, ரத்தத்தில் பார்க்கும் ட்ரோபோனின். வூஹான் மருத்துவர்கள் 82 பேரை அடையாளம் கண்டதும் ட்ரோபோனினை வைத்தே.

ஊசியா, நோயா?

இனி முதலில் சொன்ன பேச்சுக்கு வருவோம். "ஆர்.என்.ஏ. ஊசி போட்டு இதயத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதில் இரண்டு குழப்பங்கள் உள்ளன.

ஒன்று, பெயர்க் குழப்பம். ஊசியில் வருவது தூது ஆர்.என்.ஏ., அதாவது சீட்டு. நாம் இதுவரை பேசியது நுண் ஆர்.என்.ஏ., அதாவது சீட்டைக் கிழிப்பவர். இரண்டும் வேறு வேறு.

இரண்டாவது, நம் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது தூது ஆர்.என்.ஏ. ஊசியே அல்ல. கோவிஷீல்டு என்பது வீரியம் நீக்கப்பட்ட அடினோ கிருமியை வாகனமாகக் கொண்டது. கோவாக்சின் என்பது செயலிழக்கச் செய்த கொரோனா கிருமியால் ஆனது. ஃபைசர், மாடர்னா போன்ற தூது ஆர்.என்.ஏ. ஊசிகளைப் போட்டவர்கள் வளைகுடாவிலும் மேல்நாடுகளிலும் இருந்த நம் பிள்ளைகள்.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். தூது ஆர்.என்.ஏ. ஊசிக்குப் பிறகு மிகச் சிலருக்கு, குறிப்பாக இளம் ஆண்களுக்கு, இரண்டாம் தவணையை அடுத்து இதயத் தசை வீக்கம் வந்தது உண்மை. அவர்களில் பெரும்பாலோர் குணமடைந்தார்கள். கோவிஷீல்டு வகை ஊசிக்குப் பிறகு மிக அரிதாக ரத்தம் உறையும் கோளாறு வந்ததும் உண்மை. அது பெரும்பாலும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்தது. ஊசி போட்டு இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து வரும் மாரடைப்பை அதன் கணக்கில் எழுத ஆதாரம் இல்லை.

இதை நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், 2023இல் 47 மருத்துவமனைகளின் துணையோடு ஓர் ஆய்வு நடத்தியது. 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை காரணம் தெரியாமல் திடீரென இறந்த, 18 முதல் 45 வயதுக்குட்பட்ட 729 பேரின் விவரங்களைத் திரட்டினார்கள். அதே வயதில், அதே பகுதியில் உயிரோடு இருந்த 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள்.

முடிவு என்ன? தடுப்பூசி திடீர் மரண அபாயத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களிடம் அந்த அபாயம் பாதியளவே இருந்தது. அபாயத்தைக் கூட்டியவை வேறு. கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தவர்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. குடும்பத்தில் முன்பு யாராவது திடீரென இறந்திருந்தால் சுமார் இரண்டரை மடங்கு. போதைப் பொருள், இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவு மீறிய மது, கடும் உடலுழைப்பு ஆகியவையும் அபாயத்தைப் பல மடங்கு கூட்டின.

இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுகிறது. ஒரு குறிப்பிட்ட பிள்ளை ஏன் இறந்தான் என்று அது சொல்லாது. ஆனாலும் நம் கண் எதன் மேல் இருக்க வேண்டும் என்று அது தெளிவாகக் காட்டுகிறது. கடுமையான கொரோனா வந்து மீண்டவர் நம் வீட்டில் இருக்கிறாரா? குடும்பத்தில் இளவயது மரணம் உண்டா? இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

அமெரிக்காவில் கொரோனா வந்து பிழைத்த சுமார் ஒன்றரை லட்சம் முன்னாள் ராணுவத்தினரை ஓராண்டு கவனித்த ஆய்வு 2022இல் வெளியானது. கொரோனா வராதவர்களைவிட இவர்களுக்கு இதயம் வலுவிழக்கும் அபாயம் 72 சதவீதம் கூடுதலாக இருந்தது. மருத்துவமனையில் சேராமல் வீட்டிலிருந்தே மீண்டவர்களிடமும் அபாயம் ஓரளவு கூடியிருந்தது. ஜெர்மனியில் ரத்தக் குழாயில் தென்பட்ட அந்த நுண்ணிய சேதியும், வூஹானின் ட்ரோபோனினும், அமெரிக்கக் கணக்கும், சென்னை நிறுவனத்தின் ஆய்வும் ஒரே பக்கம் விரல் நீட்டுகின்றன. இதயத்தைத் தொட்டது முதன்மையாக அந்த நோய்.

ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டால் கோபம் தீரும். ஆனால் கொரோனாவில் பிழைத்து வந்த அண்ணனின் ரத்த அழுத்தத்தை யாரும் பார்க்க மாட்டோம். தவறான காரணத்தை நம்புவதால் வரும் உண்மையான நஷ்டம் அதுதான்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்து ஆக்சிஜன் அல்லது வென்டிலேட்டரில் இருந்தவர்கள், இதுவரை இதயப் பரிசோதனை செய்யவில்லை என்றால் ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். படி ஏறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, கால் வீங்குவது, படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவை இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

இரண்டு: ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வையுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடும் பெரியவர்கள் நம் வீடுகளில் அதிகம். பிள்ளைகள் கேட்டுக் கவனித்துக் கொடுங்கள்.

மூன்று: நெஞ்சு வலி என்றால் உடனே 108. வலி நடுநெஞ்சில் பாரமாக இருந்தாலும், இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், குப்பென்று வியர்த்தாலும் "வாயு" என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி தெளிவாகத் தெரியாமல், களைப்பும் மூச்சுத் திணறலுமாக மட்டும் வரலாம். 2023இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். லால்பேட்டையிலிருந்தோ கிள்ளையிலிருந்தோ சிதம்பரம் வந்து சேரும் நேரம் இதயத்துக்கு நீண்ட நேரம். பக்கத்தில் கிடைக்கும் முதலுதவியைத் தவற விடாதீர்கள்.

நான்கு: பல நாள் உட்கார்ந்தே இருந்துவிட்டு, ஒரே நாளில் ஜிம்மிலோ மைதானத்திலோ உடலை வருத்தாதீர்கள். இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது, திடீர் வெறிதான் கெடுதல். சிகரெட்டை விடுங்கள். மதுவும் போதையும் நமக்கு ஏற்கெனவே ஹராம். மருத்துவமும் இன்று அவற்றின் ஆபத்தைக் கணக்கோடு காட்டுகிறது.

ஐந்து: இதய மாத்திரை எடுப்பவர்கள் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்று அவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைப் பயன்படுத்துவதில் குற்ற உணர்வு வேண்டாம். ஹஜ், உம்ரா புறப்படுகிறவர்களும் பயணத்துக்கு முன் இதயத்தைக் காட்டிக்கொள்வது நல்லது. அங்கே வெயிலும் நடையும் அதிகம்.

ஆறு: ஜமாஅத்துகளுக்கு ஒரு கோரிக்கை. கொரோனா காலத்தில் நம் இளைஞர்கள் சொந்தக்காரர்களே தொடத் தயங்கிய உடல்களை, எந்த மதத்தவர் என்று பார்க்காமல் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். அந்த உழைப்பின் ஒரு பங்கை இனி உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுப்போம். ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிவாசல் வளாகத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. பார்க்கும் முகாம் ஒன்றை அரசு மருத்துவர்களை அழைத்து நடத்தலாம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கினால் அவர்களும் தயக்கமின்றி வருவார்கள். மாரடைப்பில் துடிப்பு நின்றவருக்கு நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் சி.பி.ஆர். பயிற்சியை இளைஞர்களுக்கு அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம்.

உடலில் உள்ள ஒரு சதைத்துண்டைப் பற்றிய நபிமொழியை நாம் மிம்பரிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறோம். அது நம் உள்ளத்தின் சீரைப் பற்றியது. அந்த உள்ளத்தைச் சுமக்கும் இந்த உடலும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். 22 எழுத்துகளே கொண்ட ஓர் இழைகூட அதில் காரணமின்றி வைக்கப்படவில்லை. விஞ்ஞானிகள் அந்த இழையைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், ஒரு நாள் அது சிகிச்சையாகவும் நம் ஊர் மருத்துவமனைக்கு வரும். அதுவரை அமானிதத்தைப் பேணும் பொறுப்பு நம்முடையது. வீட்டில் கொரோனா கடுமையாக வந்து மீண்டவர் இருந்தால், இந்த வாரமே அவரை அழைத்துப்போய் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள், ஒரு இ.சி.ஜி. எடுங்கள்.

அந்தக் கொடிய நாட்களில் நம்மை விட்டுப் பிரிந்தவர்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. மீண்டு வந்தவர்களுக்கு நீடித்த ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.